பயிற்சி வகுப்பு என்று சொல்லிவிட்டுப் போன கடல்

பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் திருவான்மியூரில் புதுச்சேரிக்குப் பஸ் ஏறினேன். தோளில் ஒரு பை, கையில் ஒரு ஃபைல். ஃபைலுக்குள் வெள்ளைத்தாள்கள் மட்டும்தான். இரண்டு நாள் பயிற்சி வகுப்பு, அலுவலகம் அனுப்புகிறது என்று வீட்டில் சொல்லியிருந்தேன். அப்படி எந்த வகுப்பும் இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறக்குறைய 150 கிலோமீட்டர் போய், இரண்டு நாள் சும்மா இருந்துவிட்டு வரப் போகிறேன். நாற்பத்தேழு வயதில் நான் சொன்ன பெரிய பொய் இதுதான்.

பொய் சொன்னபோது யாரும் எதிர்த்துக் கேட்கவில்லை. "சாப்பாடு அங்கேயே தருவாங்களா?" என்றார் கணவர். "பாவம், சனி ஞாயிறுல கூட வேலை வாங்குறானுங்களே" என்றார் மாமியார். அந்தப் "பாவம்"தான் குத்தியது. இருபத்திரண்டு வருஷமாக அதே வீட்டில் நான் வேலை செய்ததைப் பார்த்து அவர் சொல்லாத வார்த்தை அது. அலுவலக வேலை என்றதும் உடனே கிடைத்துவிட்டது.

உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தோழிகள் கேட்டார்கள், நீங்களும் கேட்பீர்கள். என் கணவர் கொடுமைக்காரர் இல்லை. "போயிட்டு வாயேன்" என்றுதான் சொல்லியிருப்பார். ஆனால் அதற்குப் பிறகு கேள்விகள் வந்திருக்கும். தனியாவா? ஏன் தனியா? எல்லோரும் போகலாமே? உடம்பு சரியில்லையா? என் மேல ஏதாவது கோபமா? ஒரு பெண் தனியாக இரண்டு நாள் ஓய்வெடுக்க விரும்பினால் அந்த ஆசைக்குப் பின்னால் ஒரு நோயோ சண்டையோ காதலனோ இருந்தாக வேண்டும். வெறும் ஆசையாக அதை யாராலும் பார்க்க முடியாது. கேள்விகளுக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பயணம் குடும்பச் சுற்றுலாவாக மாறியிருக்கும், அல்லது புகாராக.

குடும்பச் சுற்றுலாவாக இதே ஊருக்கு ஒருமுறை வந்திருக்கிறோம். எனக்கு அப்போது கடல் எந்தப் பக்கம் இருந்தது என்றே நினைவில்லை. மாமியாரின் மாத்திரை டப்பா, ஈரத்துண்டுகள், பையனுக்குக் காரம் இல்லாத சாப்பாடு எங்கே கிடைக்கும் என்ற தேடல், திரும்பி வந்ததும் மணல் உதிரும் நான்கு பேர் துணிகள். அடுப்பைத் தவிர வீட்டில் இருந்த எல்லா வேலையும் என்னோடு வண்டியில் ஏறி வந்திருந்தன.

என் கணவர் வருஷம் ஒருமுறை கல்லூரி நண்பர்களோடு ஏற்காடோ மூணாறோ போவார். "அடுத்த வாரம் ஃப்ரெண்ட்ஸோட போறேன்" என்று ஒரே வாக்கியம். அவருக்கு உண்மை அவ்வளவு மலிவு. எனக்கு அதே உண்மைக்கு விலை அதிகம். விலை அதிகமான பொருளுக்குப் பதில் மலிவானதை வாங்கிக்கொள்வது மாதிரி நான் பொய்யை வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து இப்படித்தான் எனக்கு நானே வாதாடிக்கொண்டு போனேன்.

வாதாட ஆட்களும் இருந்தார்கள். கல்லூரியில் தத்துவம் ஒரு பாடமாக இருந்தது. ஜெர்மன் தத்துவவாதி காண்ட் 1797இல் எழுதிய ஒரு கட்டுரையில், நண்பனைக் கொல்லத் தேடி வருகிறவன் கதவைத் தட்டி "உள்ளே இருக்கிறானா?" என்று கேட்டாலும் பொய் சொல்லும் உரிமை உனக்கு இல்லை என்கிறார். வள்ளுவர் அவ்வளவு கறாரில்லை. குற்றமில்லாத நன்மை விளையும் என்றால் பொய்யையும் வாய்மையின் வரிசையில் வைக்கலாம் என்று வாய்மை அதிகாரத்திலேயே இடம் கொடுக்கிறார். நான் வள்ளுவர் பக்கம் போய் நின்றுகொண்டேன். என் இரண்டு நாள் ஓய்வால் யாருக்கு என்ன குற்றம் வந்துவிடப் போகிறது? வாசலில் கொலைகாரன் யாரும் இல்லை. பேப்பர் படிக்கும் கணவர்தான் இருக்கிறார். உள்ளே ஒளித்து வைத்திருப்பது என்னைத்தான்.

அமெரிக்கக் கவிஞர் ஏட்ரியன் ரிச் 1975இல் பெண்களும் பொய்யும் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஆணின் மானம் அவன் சொன்ன சொல்லில் இருந்தது, பெண்ணின் மானத்தை மட்டும் அவள் உடம்பில் வைத்தார்கள் என்பது அதில் ஒரு கருத்து. கற்பு தவறாமல் இருந்தால் போதும், நீ உண்மை பேசுகிறாயா என்று உன்னை யாரும் பொருட்படுத்திக் கேட்கவில்லை. பிழைப்பதற்காகப் பொய்யைக் கற்றுக்கொண்டோம். இந்தப் பாதி எனக்குப் பிடித்திருந்தது. கட்டுரைக்கு இன்னொரு பாதி இருக்கிறது. அது ஞாயிற்றுக்கிழமைதான் நினைவுக்கு வந்தது.

சனிக்கிழமை விடிவதற்கு முன்பே விழிப்பு வந்துவிட்டது. மணி நாலே முக்கால். பால் காய்ச்ச வேண்டியதில்லை, பையனை எழுப்ப வேண்டியதில்லை, ஆனால் உடம்புக்கு அது தெரியவில்லை. எழுந்து குளித்துக் கடற்கரைச் சாலைக்கு நடந்தேன். சாயங்காலத்திலிருந்து காலைவரை அந்தச் சாலையில் வண்டிகளை விடுவதில்லை. ஒன்றரைக் கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலுக்கும் கட்டடங்களுக்கும் நடுவே வெறும் மனிதர்கள். செஞ்சியிலிருந்து கொண்டுவந்த கல்தூண்களுக்கு நடுவில் காந்தி. கரையில் கருங்கற்கள். இங்கே முன்பு அகலமான மணல் இருந்ததாம். துறைமுகச் சுவர் கட்டிய பிறகு கடல் அதை அரித்துக்கொண்டு போய்விட்டது. 2018இல் தண்ணீருக்குள் ஒரு செயற்கைத் திட்டு அமைத்த பிறகு தலைமைச் செயலகத்துக்கு எதிரில் கொஞ்சம் மணல் திரும்பி வந்திருக்கிறது. அந்த மணலில் ஒரு அப்பாவும் மகளும் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

நான் சுவரில் உட்கார்ந்தேன். சூரியன் வந்தது. அரை மணி நேரம் கழித்துத்தான் கவனித்தேன், மடியில் ஃபைல் இருந்தது. அறையிலிருந்து கிளம்பும்போது கை தானாக அதை எடுத்து வந்திருக்கிறது. ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே ஆகியோர் மும்பைப் பெண்களைப் பற்றி 2011இல் எழுதிய 'வொய் லாய்டர்?' என்ற புத்தகத்தில் இதைச் சொல்லியிருப்பார்கள். பொது இடத்தில் ஒரு பெண் தான் ஏதோ காரியமாக வந்திருப்பதாகக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். காய்கறிப் பை, குழந்தை, காதில் ஃபோன். காரியமில்லாமல் சும்மா நிற்கும் உரிமைதான் அவர்கள் கேட்டது. வீட்டில் காட்டுவதற்காக எடுத்து வந்த ஃபைல், யாருமே என்னைத் தெரியாத ஊரிலும் எனக்குத் தேவைப்பட்டது. பக்கத்தில் ஒரு இளைஞன் செருப்பைத் தலைக்கு வைத்துச் சுவரிலேயே மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தான். அவனிடம் ஃபைல் எதுவும் இல்லை.

பதினொரு மணி வெயிலில் ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதி வாழ்ந்த வீட்டுக்குப் போனேன். 1908இல் பிரிட்டிஷ் அரசுக்குத் தப்பி வந்தவர் பத்து வருஷம் இந்த ஊரில் இருந்தார். குயில்தோப்பு, கடற்கரை, நண்பர்களோடு விடிய விடியப் பேச்சு. அந்தக் கவிதைகளுக்கு எவ்வளவு ஓய்வு வேண்டியிருந்தது என்று யோசித்தபடி அறைகளைச் சுற்றி வந்தேன். கடன் வாங்கி வைத்திருந்த அரிசியை அவர் குருவிகளுக்கு இறைத்த கதை நம் எல்லோருக்கும் தெரியும். சின்ன வயதில் எனக்கு அது குருவிகளின் கதை. இப்போது செல்லம்மாவின் கதை. அன்றைக்கு மறுபடி அரிசி கேட்டு யார் வீட்டு வாசலில் போய் நின்றிருப்பார்? பாரதியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பெண் விடுதலையைப் பற்றி அவர் அளவுக்குப் பேசிய ஆண்கள் அன்று குறைவு. ஆனால் ஒருவர் கையை வீசிக்கொண்டு கடற்கரைக்கு நடக்க வேண்டுமென்றால் இன்னொருவர் கை அடுப்படியில் இருந்தாக வேண்டும் என்பதை அந்த வீட்டில் நின்று மறக்க முடியவில்லை. அரிஸ்டாட்டிலுக்கு இதில் ஒளிவு மறைவில்லை. நாம் உழைப்பதே ஓய்வுக்காகத்தான், சிந்தனை ஓய்வில்தான் பிறக்கிறது என்றார். பள்ளியைக் குறிக்கும் ஸ்கூல் என்ற சொல்லே ஓய்வைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான். அந்த ஓய்வு யாருக்கு என்பதிலும் அவருக்குக் குழப்பமில்லை. அடிமைகளுக்கும் பெண்களுக்கும் இல்லை.

அறைக்குத் திரும்பியபோது சுத்தம் செய்யும் பெண் வந்தார். என் வயதுதான் இருக்கும். அவர் வருவதற்கு முன்பே நான் படுக்கையைத் தட்டி, விரிப்பை இழுத்துச் செருகி, காப்பி டம்ளரைக் கழுவி வைத்திருந்தேன். அவர் விரிப்பை ஒரே உருவாக உருவினார். "நீங்க மடிச்சு வெச்சாலும் எனக்கு வேலை குறையாதும்மா. எப்படியும் கழட்டணும்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு முகம் சூடாகிவிட்டது.

அன்று மாலை முழுக்க இதைத்தான் யோசித்தேன். எனக்கு இரண்டு குற்றவுணர்வுகள் இருந்தன, இரண்டையும் ஒன்றாகவே சுமந்துகொண்டிருந்தேன். ஒன்று வீட்டை நினைத்து வருவது: பையன் என்ன சாப்பிட்டான், மாமியார் மாத்திரை போட்டாரா. இன்னொன்று இந்தப் பெண்ணைப் பார்த்ததும் வருவது. உடம்புக்குள் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன, வயிற்றில் ஒரு கல். ஆனால் முதலாவது, நான் யாருக்கும் பட்டிராத ஒரு கடனுக்கு மாதா மாதம் கட்டும் வட்டி. சாப்பாடு எடுத்துப் போட்டுக்கொள்ளத் தெரிந்த பதினேழு வயதுப் பையனுக்கு நான் இரண்டு நாள் இல்லாதது அநியாயம் ஆகாது. அந்தக் குற்றவுணர்வு ஒரு பழக்கம், கீழ்ப்படிதலின் பழக்கம். இரண்டாவதில் கடன் நிஜமானது. நான் தூங்கிய விரிப்பை ஒரு மனுஷி துவைக்கிறார், அவருக்கு இந்த ஊர்க் கடலைப் பார்க்க நேரம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. இதைத் தீர்க்க நான் செய்தது என்ன? விரிப்பை மடித்து வைத்தேன். அதாவது என் மனசுக்கு ஆறுதலான, அவருக்கு எந்தப் பயனும் இல்லாத ஒன்று. ஆயிரம் ரூபாய் வாடகை அறையில் அவர் சம்பளம் என்ன, வார விடுமுறை உண்டா என்று கேட்கத் தோன்றவில்லை.

முதல் குற்றவுணர்வை உதறினால் விடுதலை என்று நம் கூட்டங்களில் பேசுகிறோம். சரிதான். உதறும்போது இரண்டாவதும் சேர்ந்து கீழே விழுந்துவிடுகிறது என்பதுதான் என் பயம். "உனக்கு நீ நேரம் ஒதுக்கு" என்று பெண்கள் பத்திரிகைகள் விற்கும் ஓய்வு அப்படிப்பட்டது. யார் தலையில் ஒதுக்குவது என்று அதில் சொல்வதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை நன்றாக விடிந்த பிறகுதான் எழுந்தேன். ஏழரை. எத்தனையோ வருஷம் கழித்து. கால்வாயைத் தாண்டித் தமிழர் தெருக்கள் பக்கம் நடந்து பெரிய மார்க்கெட் வாசலில் இட்லி சாப்பிட்டேன். மீன்காரப் பெண்கள் ஒருத்தரையொருத்தர் கிண்டல் செய்துகொண்டு வியாபாரம் செய்தார்கள். சுற்றுலாப் படங்களில் வரும் மஞ்சள் சுவர்களும் காகிதப் பூக்களும் கால்வாய்க்கு அந்தப் பக்கம். ஆலைகளின் ஊராக இருந்த புதுச்சேரி இந்தப் பக்கம். 1936 ஜூலை 30 அன்று சவானா ஆலையில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் மேல் பிரெஞ்சுப் படை சுட்டதில் 12 பேர் செத்தார்கள். அடுத்த வருஷம் எட்டு மணி நேர வேலை சட்டமானது. வேலை எட்டு, உறக்கம் எட்டு, மீதி எட்டு நம் இஷ்டத்துக்கு என்று உலகம் முழுக்கத் தொழிலாளர்கள் கேட்டதை இந்தச் சின்ன ஊர் உயிர் கொடுத்து வாங்கியிருக்கிறது. நான் அனுபவிக்கும் சனி ஞாயிறு எங்கோ இப்படிப்பட்ட ரத்தத்திலிருந்துதான் வந்தது. வானத்திலிருந்து விழவில்லை, என் கணவர் கொடுத்ததும் இல்லை.

அந்த எட்டு மணி நேரக் கணக்கு வீட்டு வாசலோடு நின்றுவிட்டது என்பதும் நமக்குத் தெரிந்ததுதான். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்குச் செலவிடும் நேரம் நாளொன்றுக்கு 299 நிமிஷம், அப்படி ஈடுபடும் ஆண் செலவிடுவது 97. இந்த எண்களை மனதுக்குள் சொல்லிச் சொல்லி, ஓய்வு எனக்கு வரவேண்டிய பாக்கி என்ற முடிவுக்கு வந்து, இரண்டாவது காப்பிக்குச் சொன்னேன். சந்தோஷமாக இருந்தேன். அதை மறைக்க விரும்பவில்லை.

அப்போதுதான் வீட்டுக்கு ஃபோன் செய்தேன். பையன் எடுத்தான். சாப்பிட்டாயா என்றேன். "அக்கா வந்து பூரி போட்டுத் தந்தாங்க" என்றான்.

எங்கள் வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. நான்தான் சண்டை போட்டு அதை வழக்கமாக்கினேன். ஞாயிற்றுக்கிழமைப் பாத்திரங்களை நான் கழுவுவேன். இந்த ஞாயிறு நான் இல்லை என்பதால் கணவர் சனிக்கிழமையே அவரிடம் கேட்டிருக்கிறார். "அம்மா பாவம், லீவு நாள்ல கூட ட்ரெயினிங் போயிருக்காங்க, ஒரு நாள் மட்டும் வந்துடுங்க" என்று. அக்கா வந்துவிட்டார்.

ரிச் கட்டுரையின் மறுபாதி அந்த மார்க்கெட் வாசலில் நினைவுக்கு வந்தது. ஆண்களிடம் பொய் சொல்லிப் பழகிய நாக்கு பெண்களிடமும் சொல்லிவிடும், நமக்குள் அது செய்யும் சேதம் வேறு வகை என்பார் அவர். நான் அக்காவிடம் நேராக எந்தப் பொய்யும் சொல்லவில்லை. கணவரிடம் சொன்னேன், அவர் நம்பி எடுத்துக்கொண்டு போய் அவரிடம் கொடுத்தார். கள்ள நோட்டைக் கடையில் மாற்றிவிட்டு நகர்ந்தவள் நான். அது கடைசியில் யார் சம்பளப் பணத்தோடு போய்ச் சேரும் என்று நான் யோசிக்கவில்லை. வேலை என்ற சொல்லுக்கு வீட்டில் என்ன மதிப்பு என்று தெரிந்துதான் அந்தப் பொய்யைத் தேர்ந்தெடுத்தேன். அந்த மதிப்பை வைத்தே அவருடைய நாளை வாங்கிவிட்டார்கள். ஓய்வுக்குப் போகிறேன் என்று உண்மையைச் சொல்லியிருந்தால் "அம்மா கடல் பார்க்கப் போயிருக்காங்க, நீங்க வாங்க" என்று கேட்க என் கணவருக்கே கூச்சமாக இருந்திருக்கும். பாத்திரங்கள் தொட்டியில் கிடந்திருக்கும். யாராவது கழுவியிருப்பார்கள்.

வள்ளுவர் வைத்த நிபந்தனையில் நான் தோற்றது இங்கேதான். குற்றம் யாருக்கு வரும் என்று கணக்குப் பார்த்தபோது வீட்டில் இருந்த நாலு பேரைத்தான் எண்ணினேன். வீட்டுக்குள் தினமும் வந்துபோகும் ஐந்தாவது ஆளை எண்ணவில்லை. 299 நிமிஷம் என்று பெருமையாகச் சொன்னேனே, அதில் எவ்வளவை அக்காவிடம் தள்ளிவிட்டிருக்கிறேன் என்பதையும் எண்ணவில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011இல் வீட்டுப் பணியாளர்களுக்கென்று ஒரு உடன்படிக்கை கொண்டுவந்தது, எண் 189. வாரத்தில் தொடர்ந்து 24 மணி நேரமாவது ஓய்வு என்பது அதில் ஒரு விதி. இந்தியா அதை இன்னும் ஏற்று உறுதி செய்யவில்லை. அரசைத் திட்டி நானே ஒரு கூட்டத்தில் பேசியிருக்கிறேன்.

அன்று மத்தியானமே கிளம்பிவிட்டேன். தியாகம் எதுவும் இல்லை. உட்கார முடியவில்லை, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை அக்கா பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் போய் நின்றேன். பையன் பள்ளிக்கும் கணவர் அலுவலகத்துக்கும் போயிருந்தார்கள். மாமியார் டிவி முன்னால் இருந்தார். "அக்கா, நான் ட்ரெயினிங் போகல. சும்மா பாண்டிச்சேரி போயிருந்தேன். கடல் பார்க்க" என்றேன். அவர் கை நிற்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து "தனியாவா?" என்றார். ஆமாம் என்றேன். "அப்படின்னு தெரிஞ்சிருந்தா நான் வந்திருக்க மாட்டேம்மா" என்றார். கோபம் தெரியவில்லை, கணக்கு சொல்லும் குரல்தான். "ஞாயித்துக்கிழமை ஒரு நாள்தான் நான் மத்தியானம் படுப்பேன். அன்னிக்குப் படுக்கல."

மன்னிப்புக் கேட்டேன். அதற்குப் பதில் சொல்லாமல், "தண்ணில கால் வெச்சீங்களா?" என்று கேட்டார். வைக்கவில்லை, பாறையாக இருக்கிறது என்றேன். "ரெண்டு நாள் போயிட்டு கால் கூட நனைக்காம வந்தீங்களா?" என்றவர் முகத்தில் அப்போதுதான் நிஜமான வருத்தம் வந்தது.

இரண்டு நாள் சம்பளத்தோடு விடுமுறை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். ஒரு நாளுக்கு ஒரு நாள் போதும், அதுவும் வேண்டுகிற அன்றைக்கு நானே கேட்பேன் என்றார். மூன்று வாரம் கழித்து ஒரு புதன்கிழமை கேட்டார், எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்குக் கொஞ்சம் முயற்சி வேண்டியிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அன்று பாத்திரங்களில் பாதியைப் பையன் கழுவினான், மீதி என்னிடம்தான் வந்தது.

கணவரிடம் இன்னும் சொல்லவில்லை. இந்தக் கட்டுரை புத்தகத்தில் வந்தால் அவர் படிப்பார். நான் எழுதுவதை அவர் வழக்கமாகக் கடைசியில்தான் படிப்பார், ஆனால் படித்துவிடுவார். அதற்குள் நானே சொல்லிவிட வேண்டும் என்று இருக்கிறேன். அடுத்த முறை போகும்போது ஃபைல் எடுத்துக்கொண்டு போகக் கூடாது. அக்கா ஒரு கடற்கரை சொல்லியிருக்கிறார். அவர் அம்மா ஊருக்குப் பக்கத்தில், மரக்காணம் தாண்டி. அங்கே பாறை இல்லையாம்.